புளியறை ஏற்றமும் ஆயில் விளக்கும்

செங்கோட்டையைத் தாண்டி வயலும் தென்னையுமாகச் சமதளத்தில் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, புளியறையில் மலையைத் தொடுகிறது. சோதனைச் சாவடியின் லாரி வரிசை, எஸ் வளைவு, கோட்டைவாசல் வரை ஏற்றம். தென்காசியிலிருந்து கொல்லம் போகிறவர்களுக்கும், சாரல் காலத்தில் கேரளத்திலிருந்து குற்றாலம் வருகிறவர்களுக்கும், கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களுக்கும் இதுதான் வழி. ஆயில் ஒழுகும் காருக்கு இந்தச் சில கிலோமீட்டர் கடும் சோதனை. எஞ்சின் கெட்டுவிட்டதா என்பதை, எத்தனை லிட்டர் ஒழுகியது என்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல், எவ்வளவு லோடில், எவ்வளவு நேரம் ஓடியது என்பதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான முதல் சாட்சி ஒர்க்‌ஷாப்பில் இல்லை, சாலையில்தான் இருக்கிறது.

கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கை உரசிக்கொண்டு சுற்றுவதில்லை. பம்ப் தள்ளும் ஆயில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று அதைத் தாங்குகிறது. படலம் அறுந்தால் பேரிங்கின் உலோகப் பூச்சு தேய்ந்து உரியும். சிறிய கார்களில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். கொஞ்சம் ஒழுகினாலும் சமதளத்தில் பம்ப்புக்கு ஆயில் கிடைத்துக்கொண்டிருக்கும். வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கும், ஏற்றத்தில் பின்னால் சரியும். அப்போது உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். ஆகவே டாஷ்போர்டின் ஆயில் விளக்கு எங்கே எரிந்தது என்று ஓட்டியவரைக் கேட்க வேண்டும். எஸ் வளைவில் மட்டும் மின்னி அணைந்தது என்றால் அளவு குறைந்திருக்கிறது, பேரிங் பெரும்பாலும் தப்பியிருக்கும். சாவடி வரிசையில் சூடான எஞ்சின் ஐடிலில் நின்றபோது மினுங்கியது என்றால், அழுத்தம் இயல்பாகவே மிகக் குறைந்திருக்கும் நேரம் அது, லோடும் இல்லை. ஏற்றத்தில், ஆள் நிறைந்த காரில், இரண்டாம் கியரில் விடாமல் எரிந்தது என்றால்தான் அஞ்ச வேண்டும். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, ஒதுங்க இடமில்லை என்று பலர் மேலே ஏறிவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களில்தான் எஞ்சின் போகிறது. டர்போ உள்ள டீசல் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடிய டர்போவின் தண்டும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது.

விளக்கு எரியவே இல்லையே, பிறகென்ன என்பார்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. பல கார்களில் அழுத்தம் அரை பார் அளவுக்கு விழுந்த பிறகே அதன் சுவிட்ச் வேலை செய்யும். ஏற்றத்தில் முக்கும் எஞ்சினுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். விளக்கே செத்திருக்கவும் கூடும். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஆயில் ஊற்றியதும் விளக்கு அணைந்துவிட்டது, சத்தமும் இல்லை என்பது இதைவிட வலுவாகத் தோன்றும் வாதம். ஆனால் குளிர்ந்த ஆயில் கெட்டியானது. தேய்ந்த பேரிங்கிலும் அழுத்தம் நிற்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சுவிட்சைக் கழற்றிய இடத்தில் கேஜை மாட்டி, ஐடிலில் வரும் எண்ணை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும். கம்ப்ரஷன் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். அது பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் பற்றித்தான் பேசும்; பேரிங் போன எஞ்சினிலும் கம்ப்ரஷன் சரியாக இருக்கலாம்.

எதற்கு வம்பு, எஞ்சினை இறக்கிப் பிரித்துவிடலாம் என்ற யோசனையிலும் நியாயம் உண்டு. உருண்டுவிட்ட பேரிங்கோடு ஓடினால் கனெக்டிங் ராட் முறிந்து பிளாக்கையே உடைக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தத் தட்டல் இல்லாதபோது பிரிப்பது அவசரப்படுவதாகும். பிழைப்பே ஒரே காரை நம்பி இருக்கும் வாடகை ஓட்டுநருக்கு அந்தச் செலவு தாங்காது, அதைவிட மலிவான சாட்சி ஃபில்டருக்குள் இருக்கிறது. பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை விரித்து வெயிலில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் மினுமினுக்கும் செதில் அலுமினியமோ செம்போ, பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம்.

ஒழுகிய இடத்தையும் கண்டாக வேண்டும். சாரல் காலத்தில் அது எளிதல்ல. நனைந்த அடிப்பாகத்தில் ஆயிலும் தண்ணீரும் கலந்து எங்கும் பரவியிருக்கும். துடைத்து, சமதளத்தில் நிறுத்தி, கீழே அட்டை விரித்து, மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். வால்வ் கவர் கேஸ்கட், ஃபில்டரின் ரப்பர் வளையம், கல் இடித்த சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), சில நேரம் அந்த ஆயில் சுவிட்சே கூட. ஒழுக்கை அடைத்து, ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றி, சில நூறு கிலோமீட்டர் மலை ஏறாமல் ஓட்டிய பின் இந்தப் புது ஃபில்டரையும் அறுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் செதில் மினுங்கினால் சம்ப்பைக் கழற்றி, பேரிங் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.