மெல்லுதல் என்னும் உழைப்பு

இலக்கியத்தில் உணவைப் பற்றி நாம் நிறையவே வாசித்திருக்கிறோம். பசிக்கு வயிறும் ருசிக்கு நாக்கும் அங்கே நிலையான இடத்தைப் பெற்றுவிட்டன. இரண்டுக்கும் இடையில் நின்று உழைக்கும் தாடையை மட்டும் யாரும் அதிகம் பொருட்படுத்தியதில்லை. குரங்கினத்திலிருந்து மனிதன் கிளைத்து வந்த நெடுவழியின் தடங்களுள் சில அந்தத் தாடையில்தான் பதிந்திருக்கின்றன.

நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் உள்ளே ஒரு தசை திரள்வதை உணரலாம். மண்டையோட்டின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்து, கன்ன எலும்பின் வளைவுக்குள் நுழைந்து, கீழ்த்தாடையைப் பற்றி மேலே இழுக்கும் தசை அது. கன்ன எலும்பிலிருந்து தாடையின் கோணத்துக்கு இறங்குவது இன்னொன்று. உட்புறத் தசைகள் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தி அரைக்க உதவுகின்றன. தாடை ஒரு நெம்புகோல். காதுக்கு முன்னாலிருக்கும் மூட்டே அதன் ஆதாரம். மூட்டை நெருங்க நெருங்கக் கடியின் விசை கூடும். கொட்டைப்பாக்கைக் கடைவாய்க்குத் தள்ளும் பாட்டிகள் இந்த இயற்பியலை எந்தப் பள்ளியிலும் படித்தவர்கள் அல்லர்.

ஆண் கொரில்லாவின் மண்டையோட்டில் உச்சியின் நடுவே சேவற்கொண்டைபோல் ஓர் எலும்பு முகடு எழுந்து நிற்கும். பெருத்த தசை பற்றிக்கொள்ள மண்டையில் இடம் போதாமல், எலும்பே எழுந்து இடம் கொடுத்ததன் அடையாளம் அது. பார்த்தவுடன் மூர்க்கம் என்ற சொல்தான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த உயிர் தின்பது பெரும்பாலும் இலையும் தண்டும் பழமும். சத்துக் குறைந்த தழையை மணிக்கணக்கில் மென்றாக வேண்டிய பொறுமைதான் அங்கே எலும்பாகியிருக்கிறது.

1959இல் இன்றைய தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டிலும் இத்தகைய முகடு உண்டு. பாராந்த்ரோபஸ் பாய்சி என்று இன்று அறியப்படும் அந்த இனத்துக்கு, கடைவாய்ப் பற்களின் பருமனைக் கண்டு 'கொட்டை உடைக்கும் மனிதன்' என்ற பட்டப்பெயர் வந்தது. பற்களிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வோ, அது முக்கியமாகப் புல், கோரை போன்றவற்றையே தின்றதாகக் காட்டியது. முகத்தை வைத்து வாழ்க்கையைச் சொல்லிவிடும் அவசரம் அறிவியலுக்கும் உண்டு போலும்.

நம் கிளையில் தாடை சிறுத்துக்கொண்டே வந்தது. பிற குரங்கினங்களின் தாடைத் தசையில் வேலைசெய்யும் எம்ஒய்எச்16 என்ற மரபணு மனிதரில் செயலிழந்திருப்பதை 2004இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். சுமார் 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது நிகழ்ந்தது, தசையின் பிடி தளர்ந்ததால் மூளை வளர வழி பிறந்தது என்றொரு அழகிய கதையும் உடன் வந்தது. 2005இல் வெளியான மறுகணக்கு அந்நிகழ்வைச் சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது. மூளை பெருக்கத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். அழகாக இருப்பதனாலேயே ஒரு கதை உண்மையாகிவிடாது என்பதைக் கதை வாசிப்பவர்களாகிய நாமே அதிகம் நினைவில் கொள்ள வேண்டும்.

கல்லும் நெருப்பும் தாடையின் சுமையைக் குறைத்தன என்ற விளக்கம் இதைவிட வலுவானது. இறைச்சியைக் கல்லால் அரிந்து, கிழங்கைத் தட்டி நசுக்கி உண்டாலே மெல்லும் உழைப்பு கணிசமாகக் குறைகிறது என்பதை 2016இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்று மனிதர்களை மெல்லவைத்தே காட்டியது. பல்லின் வேலை கைக்குப் போயிற்று. கைக்குப் போனதனால் ஒருவரின் மெல்லுதலை இன்னொருவர் செய்துகொடுக்கவும் முடிந்தது.

ஜார்ஜியாவின் துமானிசியில் கிடைத்த, சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுப் பழமையான மண்டையோடு ஒன்றில் ஒரே ஒரு பல்தான் மிஞ்சியிருந்தது. பல் விழுந்த குழிகளை எலும்பு மூடிவிட்டிருந்தது; பல்லிழந்தும் அவர் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். மென்மையானதைத் தாமே தேடி உண்டிருக்கலாம். யாரேனும் நசுக்கிக் கொடுத்திருக்கலாம்.

அம்மாவின் இறுதி ஆண்டுகளில் சோற்றைக் குழைய வேகவைத்து, பருப்போடு மசித்து, பிள்ளைகள் நாங்கள் முறைவைத்து ஊட்டினோம். அம்மாவின் நெற்றிப்பொட்டில் மெல்லிய அசைவு அடங்கும். அடுத்த கவளத்துக்கு அதுவே எங்களுக்குச் சைகை. துமானிசியின் அந்த முதியவர் எதிரே எவரும் அப்படி உட்கார்ந்திருந்தார்களா என்பதை எலும்பு சொல்லாது. உட்கார்ந்திருக்க முடியும் என்பதைக் கையும் கல்லும் சொல்கின்றன.