ஓலையோரத்து வெள்ளை

கணினி விளையாட்டொன்றில் வீதியோரம் நிற்கும் பனையின் ஓலை, ஓலையின் வடிவில் செய்யப்பட்டதன்று. அது ஒரு செவ்வகத் தகடு; விசிறியாக விரியும் மடிப்புகளும், கிழிந்த நுனிகளும், அவற்றினூடே வானம் தெரியும் இடைவெளிகளும் அந்தத் தகட்டின்மேல் போர்த்தப்பட்ட படத்தில்தான் இருக்கின்றன. முப்பரிமாண உருவங்களின்மேல் இவ்வாறு போர்த்தப்படும் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். ஓலையின் ஒவ்வொரு பிளவையும் முக்கோணங்களால் உருவாக்கப் புகுந்தால் ஒரு தோப்பைக் காட்டுவதற்குள் கணினி திணறிவிடும் என்பதால், உருவத்தை எளிமையாக விட்டு, படத்தின் சில பகுதிகளை மட்டும் ஒளிபுகுவனவாக்கிக் கண்ணை ஏமாற்றும் இந்த வழி விளையாட்டுத் துறையில் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. ஏமாற்று வெற்றி பெறும்போது அதனை எவரும் கவனிப்பதில்லை. தோற்கும்போது ஓலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தோன்றுகிறது.

மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பூநகரி வழியாக இணைக்கும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கு வடக்கே, வெள்ளாங்குளத்துக்கு முன்னர் வருவது இலுப்பைக்கடவை. மேற்கே ஆழமற்ற கடலும் கண்டற் காடும் உவர்நிலமும், கிழக்கே வயலும் பனையும் வடலியுமாக அமைந்த இந்தக் கரையோரம், 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இடையே ஓடும் பஸ்களின் சாளரக் காட்சியாயிற்று. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா போன்ற விளையாட்டுகள், ஆடுபவரே தம் ஊர்ப் பஸ்ஸின் நிறங்களை வரைந்து ஏற்றிக்கொள்ள இடமளித்தமையால், வரைகலையில் எந்தப் பயிற்சியும் இல்லாத இளைஞர்கூட டெக்ஸ்சர் கோப்புகளைத் திறந்து திருத்தத் தொடங்கியுள்ளனர். இவ்வீதியைத் திரைக்குள் கொண்டுவர முற்படும் தொடக்கநிலையாளர் ஒருவருக்கு முதலில் தொல்லை கொடுப்பவை பனையோலையும் பஸ்ஸின் கண்ணாடியும் ஆகும். இரண்டினது தொல்லைக்கும் வேர் ஒன்றே.

படம் ஒன்றின் மிகச் சிறிய புள்ளி பிக்சல் எனப்படும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள், 0 முதல் 255 வரையிலான மதிப்புகளில், ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு. அவற்றோடு சேர்ந்து வரும் நான்காவது எண்ணே ஆல்ஃபா. அது 0 ஆயின் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, 255 ஆயின் பின்னாலுள்ளதை முழுவதும் மறைக்கும், இடைப்பட்ட மதிப்புகளில் பின்புலம் கசிந்து தெரியும். ஜேபெக் வகைக் கோப்பில் இந்த நான்காவது எண்ணுக்கு இடமே இல்லை. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்பட்ட பஸ் வண்ணப்படம் மறுமுனையில் ஜேபெக்காக இறங்குவதும், இறங்கியதைப் போட்டுப் பார்த்தால் கண்ணாடிகள் கரும்பலகைகளாக நிற்பதும் இதனாலேயே; படமாக அன்றி ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். இணையத்தில் ஒளிபுகு படம் என்று சொல்லித் தரப்படுபவற்றுட் பலவற்றில், ஒளிபுகுதலைக் குறிக்க வரைகலை மென்பொருள்கள் காட்டும் சாம்பல் வெள்ளைக் கட்டங்களே படமாக வரையப்பட்டிருக்கும் கொடுமையையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

படத்தின் ஒரு பகுதியை மறைத்து மற்றொன்றை அதில் பொருத்தும் கலை கணினியோடு பிறந்ததன்று. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’, பி. யு. சின்னப்பாவை இரு வேடங்களில் காட்டித் தமிழில் இரட்டை வேடப் படங்களுக்கு வழி திறந்தது. 1949இல் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ எம். கே. ராதாவையும், 1958இல் மீண்டும் ஒரு ‘உத்தம புத்திரன்’ சிவாஜி கணேசனையும், அதே ஆண்டில் ‘நாடோடி மன்னன்’ எம். ஜி. ஆரையும் இரட்டித்தன. ஒரே நடிகர் இருவராக ஒரே சட்டத்துக்குள் நிற்கவேண்டிய காட்சிகளுக்கு அக்காலத்தில் பொதுவாகக் கையாளப்பட்ட முறை, கேட்பதற்கு எளியது. கமராவை அசையாது நிறுத்தி, வில்லையின் ஒரு பாதியைக் கருந்தகட்டால் மறைத்து, மறைக்கப்படாத பாதியில் நடிகரை ஒரு வேடத்தில் நடிக்கச் செய்து படம்பிடிப்பர். பின்னர் படச்சுருளைத் தொடக்கத்துக்குச் சுற்றி, தகட்டை மறுபாதிக்கு மாற்றி, நடிகரை உடைமாற்றி வரச் செய்து, அதே சுருளில் மீண்டும் படம்பிடிப்பர். தகடு மயிரிழை விலகி இரு பாதிகளும் ஒன்றன்மேலொன்று ஏறினால் அந்த இடத்தில் ஒளி இருமுறை பட்டுத் திரையில் வெளிறிய கோடு விழும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அங்கே ஒளியே படாமல் கருங்கோடு விழும். ஆகவேதான் அந்தப் பிரிகோட்டை ஒரு தூணின்மீதோ கதவு நிலையின்மீதோ விழச் செய்வதும், இரு வேடத்தாரும் அதனைக் கடவாமல் எட்டி நின்று பேசுவதும் வழக்கமாயின. அண்ணனும் தம்பியும் எவ்வளவு உருக்கமாக உரையாடினாலும், நடுவிலிருந்த தூணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இரசிகர் கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் இருந்திருக்கும். டெக்ஸ்சர் திருத்துவோர் அக்கூட்டத்தின் வழித்தோன்றல்கள் என்பதில் ஐயமில்லை.

அந்தத் தகடு படத்துக்கு வெளியே இருந்த பொருள் என்பதே அம்முறையின் இடர்ப்பாடு. நடிகரின் உருவத்தையே ஒட்டி அசையும் மறைப்பு வேண்டியிருந்த காட்சிகளில், அம்மறைப்பைத் தனியொரு படச்சுருளாக உருவாக்கி, இரு சுருள்களையும் பிசகாமல் பொருத்தி ஓட்டவேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகிய இருவரும் இந்தப் பிரிவினையை ஒழித்தனர். கேட்மல் எழுதிக்கொண்டிருந்த வரைகலை நிரல் ஒரு படத்தைக் கணித்து முடிக்க நெடுநேரம் எடுத்தது. பின்புலத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமாயின் அத்தனையையும் மறுபடி கணிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் பின்புலத்தை எவ்வளவு மறைக்கிறது என்பதையும் நிறத்தோடு சேர்த்தே சேமித்துவிட்டால் அந்த வேலை மிச்சம் என்பது அவர்களுக்குத் தோன்றியது. இரு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் கலவை அளவைக் குறித்த கிரேக்க எழுத்தே அந்த எண்ணுக்குப் பெயராயிற்று. 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் இத்தகைய படங்களை ஒன்றன்மேலொன்று அடுக்குவதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தி ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். நால்வருக்கும் 1996இல் ஒஸ்கார் வழங்கும் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மறைப்பு படத்துக்குள்ளேயே குடிபுகுந்தபோது, பழைய கோடும் கூடவே வந்துவிட்டது. தொடக்கநிலையாளர் பெரும்பாலோர் ஆல்ஃபா 0 ஆன புள்ளியை ஒன்றுமில்லாத இடமாக எண்ணுகின்றனர். அங்கே சிவப்பும் பச்சையும் நீலமும் அப்படியே இருக்கின்றன. காட்டப்படாமல் இருக்கின்றன, அவ்வளவே. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளின் அழிப்பான், ஒளிபுகுதலுள்ள அடுக்கில் நிறத்தைத் தொடுவதில்லை, ஆல்ஃபாவை மட்டுமே குறைக்கிறது. ஆல்ட் விசையை அழுத்தியபடி அதே அழிப்பானால் தேய்த்தால் அழித்தவை நிறத்தோடு திரும்பி வருகின்றன. இதனை ஒருமுறை செய்து பார்ப்பது, பல பக்க விளக்கங்களைப் படிப்பதைவிடப் பயனுடையது.

மறைந்திருக்கும் அந்த நிறம் ஓலையின் ஓரத்தில் வெளிப்படுகிறது. விளையாட்டு இயங்கும்போது டெக்ஸ்சரின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் பிசகாமல் பொருந்துவது அரிது என்பதால், வரைகலைச் செயலி அண்டைப் புள்ளிகளின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. ஓலையின் விளிம்புப் புள்ளியின் நிறம் 60, 110, 40 என்ற கரும்பச்சை எனவும், அதற்கு அடுத்துள்ள மறைந்த புள்ளியின் நிறம் மூன்றிலும் 255 ஆகிய வெள்ளை எனவும் கொண்டால், நடுவே கிடைப்பது ஏறத்தாழ 158, 183, 148 என்ற வெளிறிய பச்சை. ஆல்ஃபாவோ பாதியாக இருப்பதால் அந்த வெளிறல் பாதியளவு தெரிந்தே தீரும். மறைந்த புள்ளி கருமையாக இருந்திருப்பின் அதே இடத்தில் கருங்கோடு விழும். பகல் வானத்தின் முன் வெள்ளைக் கோடு ஓரளவு ஒளிந்துகொள்ளும். மாலையானதும் இலுப்பைக்கடவைப் பனை முழுவதற்கும் சுண்ணாம்பு தீற்றியது போலாகிவிடும்.

கோட்டை ஒவ்வொரு புள்ளியாக அழிக்க முற்படுவதே தொடக்கநிலையாளரின் இயல்பு. அழிக்க அழிக்க ஓலை மெலியும்; மறைந்த புள்ளிகளின் வெள்ளையோ அப்படியே இருக்கும். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது: விளிம்பின் பச்சையை ஒளிபுகும் பகுதிக்குள் சில புள்ளிகள் தொலைவுக்குப் பரப்பிவிட்டு, ஆல்ஃபாவைத் தொடாமல் விடவேண்டும். அவ்வாறு செய்தபின் சராசரி எடுத்தாலும் பச்சையோடு பச்சைதான் கலக்கும். கிம்ப்பிலிருந்து பிஎன்ஜி கோப்பாக வெளியேற்றும்போது, ஒளிபுகும் புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கும் தெரிவைக் குறித்துக்கொள்ளாவிடில் இந்த உழைப்பு வீணாகும். மற்றொரு வழி, ஒவ்வொரு நிறத்தையும் அதன் ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைப்பது. போர்ட்டரும் டஃபும் கைக்கொண்ட வழி அது. அதன்படி மறைந்த வெள்ளை சுழியாகிவிடுவதால், நடுவே கிடைப்பது 30, 55, 20, அதாவது ஓலையின் அதே நிறம் பாதியளவில். கணக்கின் அழகு இந்த வழியில்தான் உள்ளது. ஆயினும் பிஎன்ஜி வடிவம் பெருக்கப்படாத நிறத்தையே ஏற்கிறது, விளையாட்டும் எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தான் கொடுக்கவேண்டும் என்பதால், பிறருடைய விளையாட்டைத் திருத்துபவருக்கு நிறத்தைப் பரப்பும் முதல் வழியே கைகொடுக்கும்.

விளையாட்டுகள் பலவும் டெக்ஸ்சர்களை டிடிஎஸ் கோப்புகளாக, நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகச் சுருக்கி வைக்கின்றன. டிஎக்ஸ்டி-1 என்ற வகை ஒரு கட்டத்தை 8 பைட்டுகளில் அடக்குகிறது. அதில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது, இடைநிலை கிடையாது. டிஎக்ஸ்டி-5 வகை 16 பைட்டுகள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஆல்ஃபாவுக்கு எட்டுப் படிகள் தருகிறது. பஸ்ஸின் நிறக் கண்ணாடியை முதல் வகையில் சேமித்தவர் கண்ணாடி ஒன்று முழுதாக மறைந்ததையோ முழுதாக அடைபட்டதையோ கண்டு கணினியை நோவது பொருத்தமன்று.

தூரத்துப் பனைகள் மொட்டையாவது வேறொரு கதை. தொலைவிலுள்ள உருவங்களுக்காக டெக்ஸ்சரின் சிறு படிகள், ஒவ்வொன்றும் முந்தியதன் பாதி அகலத்தில், முன்னரே செய்து வைக்கப்படும். லான்ஸ் வில்லியம்ஸ் 1983இல் விளக்கிய இந்த அடுக்குக்கு மிப்மேப் என்று பெயர். மரங்களுக்குப் பொதுவாக, ஆல்ஃபா ஒரு வரம்புக்கு மேலிருந்தால் புள்ளியைக் காட்டு, கீழிருந்தால் விட்டுவிடு என்ற விதி பின்பற்றப்படுகிறது. பனையோலையின் நுனிகள் ஒடுங்கியவை. படம் சிறிதாகச் சிறிதாக அவற்றின் ஆல்ஃபா சுற்றியுள்ள வெற்றிடத்தோடு சராசரியாகி வரம்புக்குக் கீழே இறங்க, ஓலை நுனியிலிருந்து கரைந்து, கடைசியில் மரம் மட்டும் கம்பமாக நிற்கும். ஒவ்வொரு சிறு படியிலும் ஆல்ஃபாவைச் சற்றே உயர்த்தி, மூலப்படத்தில் ஓலை மூடியிருந்த பரப்பின் விகிதம் குறையாமல் காப்பதே இதற்கு மருந்து.

கண்ணாடியின் சிக்கல் வரிசையைச் சார்ந்தது. எந்தப் பொருள் முன்னே, எது பின்னே என்பதைக் குறித்துவைக்கும் ஆழப் பதிவேட்டில் கண்ணாடி முதலில் இடம்பிடித்துவிட்டால், அதன் பின்னால் வரையப்படவேண்டிய பனைகள் மறைந்தவையாகக் கருதப்பட்டு விடப்படும். பயணி சாளரத்தின் வழியே பார்த்தால் உவர்வெளியில் ஒரு மரமும் இராது. பின்னாலுள்ளவற்றை முதலில் வரைந்து கண்ணாடியைக் கடைசியில் வரையவேண்டும் என்ற இவ்வொழுங்கு டெக்ஸ்சரில் இல்லை, விளையாட்டின் அமைப்பில் உள்ளது. ஆகவே படத்தை எத்தனை முறை திருத்தினாலும் இக்குறை தீராது. இதனினும் விபரீதம், ஆல்ஃபா சில இடங்களில் ஒளிபுகுதலையே குறிப்பதில்லை என்பது. 2004இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2இன் சோர்ஸ் இயந்திரத்தில், ஒரு பரப்பு எவ்வளவு பளபளக்கவேண்டும் என்ற அளவையும் அதே நான்காவது எண்ணில் வைக்க இடமுண்டு. அதனை அறியாதவர் அத்தகைய படத்தைத் திறந்து, மங்கலாகத் தெரிகிறதே என்று இரங்கி ஆல்ஃபாவை 255ஆக நிரப்பினால், அந்தப் பரப்பின் பளபளப்பே குலைந்துவிடும். எதையும் மாற்றுமுன் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா ஆகிய நான்கு சேனல்களையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது இப்பெருந்தன்மையிலிருந்து காக்கும்.

விளையாட்டுகளோடு ஆயத்தமாகக் கிடைக்கும் பனை இனப் படங்களில் பெரும்பான்மை தென்னையின் சாயல் கொண்டவை. தென்னையோலை நடு மட்டையின் இருமருங்கும் கீற்றாகப் பிரிவது. பனையோலை மட்டையின் தலையில் வட்டமாக விரிவது. மன்னார்க் கரையோரத்தை வரைய விரும்புவோர் தென்னையை ஏற்றிவிட்டுப் பனை என்று பெயரிடாமல், மேகமூட்டமான ஒரு நாளில் பச்சையோலை ஒன்றையும் காவோலை ஒன்றையும் நிலத்தில் விரித்த கருந்துணியின்மேல் வைத்துத் தாமே படம்பிடித்துக்கொள்க; வானத்தின் முன் பிடித்த படத்தில் வானத்தின் வெளுப்பு விளிம்பிலேயே கலந்துவிடும். பிடித்த படத்தின் சுருக்கப்படாத மூலத்தைப் பத்திரப்படுத்தி, திருத்தங்களை எப்போதும் அதிலேயே செய்து, டிடிஎஸ் கோப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிக்கொள்க.