மாவட்ட வரைபடத்தில் நான் விட்டது



இன்று அக்டோபர் 2. காந்தியடிகள் பிறந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் தர்மபுரி மாவட்டம் பிறந்ததும் இதே நாளில்தான். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தோம். 2004-இல் கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் படம் போடுவேன். மேற்கே காவிரி, ஒகேனக்கல். கிழக்கே அரூர், தீர்த்தமலை, சித்தேரி மலை. தெற்கே தொப்பூர் கணவாய். பழைய பெயர் தகடூர். ஆண்ட மன்னன் அதியமான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ இங்கேதான் நிலவரி வேலை பார்த்தார். சுப்பிரமணிய சிவா 1925-இல் பாப்பாரப்பட்டியில் காலமானார். பிள்ளைகள் எல்லாவற்றையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள்.

ஒன்றை மட்டும் நான் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பல்லெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாக இருக்கும். "வேப்பங்குச்சி கூடவா கிடைக்கல உங்க ஊர்ல? நாளைக்குப் பல் தேய்ச்சிட்டு வா" என்று வகுப்புக்கு முன்னால் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினாள்.

பல வருடம் கழித்து, ஒரு மருத்துவ முகாமில் டாக்டர் விளக்கினார். நம் மண்ணுக்கு அடியில் பாறை. அதிலிருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைக்குக் கறை விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அளவு இன்னும் கூடினால் எலும்பையும் கெடுக்கும்.

மழை குறைந்த ஊர். கிணறு வற்றியதும் போர் போட்டோம், ஆழமாகப் போட்டோம். காவிரி நம் எல்லையில்தான் ஓடுகிறது, ஆனால் பள்ளத்தில். நாம் இருப்பது மேட்டில். ஜப்பான் கடனுதவியோடு அந்தத் தண்ணீரை மேலேற்றும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

போன மாதம் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். கை வாய்மேல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. உன் பல்லுல குத்தம் இல்ல, நம்ம தண்ணியிலதான்" என்றேன். "அதெல்லாம் இன்னுமா சார் நெனப்புல வச்சிருக்கீங்க, விடுங்க" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, மாவட்ட வரைபடம் போடுவதற்கு முன்னால் உங்கள் பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். அதுவும் புவியியல்தான்.