பரண்மேல் ஒரு கிதாபு

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்று பாருங்கள் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அவ்வழைப்பை ஏற்றுப் புறப்பட்டோம் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அல்ஹம்ராவைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. மலைப்பாதையில் நடக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. இரண்டையும் சேர்த்துச் சென்ற ஆண்டு மே மாதம் ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் 22 நாள்கள் தங்கினோம்; அவற்றுள் எட்டு நாள்கள் முழுக்க முழுக்க நடை.

திரும்பி வந்து ஓராண்டாகிவிட்டது. எடுத்த படங்களை இப்போது எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் அப்பயணம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு தகரப்பெட்டியைத் திறக்க வைத்தது. அது எவ்வாறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் குர்துபா. முதலாம் அப்துர் ரஹ்மான் 8ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கி, பின்வந்தோர் விரித்துக் கட்டிய பெரும் பள்ளிவாசல் அங்கே இன்று தேவாலயமாக நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் கண் எட்டும் தொலைவுவரை தூண்கள். அவற்றின்மேல் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள். தூண்காட்டின் நடுவில், 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட தேவாலயக் கூடம் எழுந்து நிற்கிறது. மிஹ்ராபின் பொன்னிற ஓடுகளில் அரபு எழுத்துகள் இன்னும் மின்னுகின்றன. ஆனால் அங்கு முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. மிஹ்ராபின் முன்னுள்ள கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நெடுநேரம் பேசாமல் நின்றாள். தங்கியிருந்த அறைக்குத் திரும்பி லுஹர் தொழுதோம். அன்றிரவு வரை என் மனத்தில் இருந்தது ஒரே எண்ணம்: நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது எவ்வளவு!

கிரனடாவிலும் அதே எண்ணம் தொடர்ந்தது. அல்ஹம்ராவின் சுவர்களில், அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் வேறில்லை என்னும் நஸ்ரிய அரசர்களின் வாசகம் நூற்றுக்கணக்கான இடங்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செதுக்குவித்த அரசமரபு 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் அரண்மனைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. முஸ்லிம்களின் மார்க்கத்தில் தலையிடமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் பத்தாண்டுகள்கூட அதைக் காக்கவில்லை. கட்டாய மதமாற்றம் தொடங்கிய அக்காலத்தில், பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன என்று வரலாறு கூறுகிறது. இன்று அச்சதுக்கத்தில் பூக்கடைகள் இருக்கின்றன. நாங்களும் அங்கே அமர்ந்து காப்பி அருந்தினோம்.

எதிர்க்குன்றாகிய அல்பைசின் பகுதியில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளிவாசலில் அஸர் ஜமாஅத் கிடைத்தது. ஸ்பானியரும் மொரோக்கோ நாட்டவரும் நின்ற ஸஃப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். தொழுதுவிட்டுத் தோட்டத்திற்கு வந்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்ரா. இழந்ததும் மீண்டதும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றியது.

அதன்பின் மலை. சியர்ரா நெவாடாவின் தென்சரிவில் உள்ள அல்புஹாரா பகுதிக்குப் பேருந்தில் ஏறி, பம்பனெய்ரா என்னும் சிற்றூரில் இறங்கினோம். அங்கிருந்து பூபியோன், கபிலெய்ரா, பித்ரெஸ், த்ரெவெலெஸ் என ஊர் ஊராக நடந்து வாலோர் வரை செல்வது திட்டம். பாறைகளிலும் மரங்களிலும் தீட்டிய வெள்ளை, சிவப்புக் கோடுகளே வழிகாட்டி. நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் நடந்தோம். என் முழங்கால்கள் முதல் நாளே முறையிட்டன. மகள் தன் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அவ்வூர்களின் வீடுகள் வெள்ளையடித்தவை. தட்டையான கூரைகள்மேல் சாம்பல் நிறக் களிமண் பரப்பியவை. வட ஆப்பிரிக்க மலையூர்களின் சாயல் அவற்றில் இன்னும் இருக்கிறது. ஆனால் த்ரெவெலெஸ் பன்றித்தொடை இறைச்சிக்குப் பெயர்போன ஊர். கடைதோறும் கூரையிலிருந்து தொடைகள் தொங்குகின்றன. முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி, ஆலிவ், பழம் ஆகியவற்றைக்கொண்டே எட்டு நாள்களையும் கடத்தினோம்.

அம்மலையில் எங்களோடு கூடவே வந்தது நீரோசை. பனி உருகிய நீரைச் சரிவுகளின் குறுக்கே கொண்டுசெல்லும் வாய்க்கால்களை அங்கே அசேக்கியா என்கிறார்கள், அரபியில் அஸ்ஸாகியா. முஸ்லிம்கள் அங்கு வாழ்ந்த காலத்திலிருந்தே இவை ஓடுகின்றன. சில வாய்க்கால்கள் நீரை நேரே வயலுக்குக் கொண்டுபோவதில்லை. மலையின் மேற்பகுதியிலேயே அதை நிலத்துக்குள் ஊற விடுகின்றன. அந்நீர் மெல்லக் கசிந்து இறங்கி, கோடையில் கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிவருகிறது. கட்டியவர்களை ஊரைவிட்டே விரட்டிய பின்னும் அவர்கள் வாய்க்காலை விட முடியவில்லை. நீர்ப்பங்கீட்டு முறையைப் புதிய குடியேறிகளுக்குக் கற்பிக்க ஊருக்குச் சில முஸ்லிம் வழிக் குடும்பங்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் என்று அங்கு சொல்லப்படுகிறது.

ஓரிடத்தில் மண்வெட்டியோடு மடை திறந்துகொண்டிருந்த முதியவரிடம், மழை வருமா என்று மகள் தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்து, “ஓஹலா” என்றார். அல்லாஹ் நாடினால் என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் அது. அவர் அதை அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, எங்கள் மூவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் “இன்ஷா அல்லாஹ்” வந்துவிட்டது.

இனி, நான் சொல்ல வெட்கப்படும் ஒன்று. நான்காம் நாள். பயணிக்குள்ள சலுகைப்படி லுஹரை அஸரோடு இணைத்துத் தொழலாம் என்று நடந்துகொண்டிருந்தோம். கஸ்டானிய மரங்களின் அடியில், வாய்க்கால் ஓரமாக நல்ல இடம் கிடைத்தது. ஆனால் அங்கே ஐரோப்பிய நடைப்பயணிகள் பத்துப்பேர் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து செல்லட்டும் என்றேன். அவர்கள் எழவில்லை. இன்னும் சற்று நடந்து வேறிடம் பார்ப்போம் என்றேன். அவ்விடத்திலும் ஆள்கள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. நானே கூசினேன். மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணியளவில்தான் பொழுது அடையும். நேரம் நிறைய இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே போக, வெயில் மஞ்சளாகிவிட்டது. கடைசியில் மகள் ஒன்றும் பேசாமல் பையை இறக்கினாள். பனிநீரில் ஒளுச் செய்தாள். தன் மேல்துண்டைப் பாதையோரத்தில் விரித்துக் கிப்லாவை நோக்கி நின்றாள். அவள் பின்னே அவள் தாய் நின்றாள். நான் முன்னே சென்று நின்றேன். வழியே வந்த ஒரு தம்பதியர் காலடிச் சத்தம் கேட்காதவாறு மெல்லக் கடந்து சென்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்காகவா இரண்டு மணி நேரம் அஞ்சினேன்?

அன்றிரவு மகள் 1504ஆம் ஆண்டின் ஒரு ஃபத்வாவைப் பற்றிச் சொன்னாள். மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு, வட ஆப்பிரிக்காவின் வஹ்ரான் வழிவந்த மார்க்க அறிஞர் ஒருவர் எழுதியது. தொழ முடியாவிட்டால் சைகையாலேனும் தொழுங்கள். நீர் தொட முடியாவிட்டால் சுவரில் கை தடவித் தயம்மும் செய்யுங்கள். பகலில் தடுத்தால் இரவில் தொழுங்கள் என்று அது வழிகாட்டியதாம். அவர்கள் மூரிஸ்கோக்கள் எனப்பட்டனர். ஞாயிறன்று தேவாலயத்தில் நின்றுவிட்டு, வீட்டின் உள்ளறையில் தொழுதவர்கள். 1567ஆம் ஆண்டில் வந்த அரசாணை அவர்களுடைய அரபு மொழியையும் எழுத்தையும் உடையையும் குளியலறைகளையும்கூடத் தடைசெய்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. உள்ளே யாரேனும் தொழுகிறார்களா என்று வெளியிலிருந்து பார்ப்பதற்காக.

நாங்கள் நடந்துகொண்டிருந்த இதே மலையில்தான் 1568ஆம் ஆண்டு இறுதியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். எங்கள் நடை முடிந்த வாலோர், அக்கிளர்ச்சியின் தலைவர் அபென் ஹுமையாவின் ஊர். கிளர்ச்சி 1571க்குள் ஒடுக்கப்பட்டது. மக்கள் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெயினைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

வாலோரில் கடைசி மாலை. வாய்க்கால் சுவரில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தபோது மகள் இன்னொன்றும் சொன்னாள். வடக்கே அரகோன் பகுதியில் வாழ்ந்த மூரிஸ்கோக்கள் அரபியில் பேசுவதை மறந்துபோனார்கள். பேசியது ஸ்பானிய மொழி. ஆனால் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத ‘ப’ ஒலிக்காகப் ‘பே’ எழுத்தின்மேல் ஷத்து இட்டார்கள். தொழுகைச் சட்டங்களையும் நபிமார் வரலாறுகளையும் துஆக்களையும் அவ்வாறு எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிடிபட்டால் விசாரணை மன்றம். ஆகையால் நூல்களைச் சுவருக்குள்ளும் தளத்துக்கடியிலும் ஒளித்தார்கள். 1884ஆம் ஆண்டு அல்மோனஸித் என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளம் ஒன்றின் அடியிலிருந்து அத்தகைய நூல்கள் குவியலாகக் கிடைத்தன.

“நம்முடைய அரபுத் தமிழும் அப்படித்தானே வாப்பா? வாப்பும்மா ஓதுவார்களே, ஒரு கிதாபு. அது இப்போது எங்கே?”

“பரணில் இருக்கும்” என்றேன்.

இருக்கும் என்றுதான் சொல்ல முடிந்தது. இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

என் உம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். தமிழ் எழுத்துகள் அவருக்குத் தெரியா. ஆனால் மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், அட்டை கிழிந்த ஒரு கிதாபை மடியில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நோன்பின் சட்டங்களையும் தொழுகையின் ஃபர்ளுகளையும் ஓதிக்காட்டுவார். எழுத்து அரபு, மொழி தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர்கள் 19ஆம் நூற்றாண்டில் இவ்வெழுத்தில் எழுதிய நூல்கள், தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ பெண்களுக்கு மார்க்கம் கற்பித்தன. ஊர்க் கணக்கில் என் உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். உண்மையில் அவர் ஒரு தெருவுக்கே ஆசிரியை.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், “உனக்கும் சொல்லித் தருகிறேன், வா” என்றார். “இது தமிழும் இல்லை, அரபியும் இல்லை உம்மா. இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்றேன். அவர் சிரித்தார். அதன்பின் என்னை அழைக்கவேயில்லை. அவர் வஃபாத்தானபின் பொருள்களைப் பிரித்தபோது, கிதாபை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றித் தகரப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியவனும் நானே. எறியவில்லை, பத்திரப்படுத்தினேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறினேன். பெட்டியின் அடி துருப்பிடித்திருந்தது. கரையான் உள்ளே புகுந்து, பின்பாதியை மண்ணாக்கிவிட்டிருந்தது. முன்பாதியில் ஓரங்கள் அரிக்கப்பட்டு, நடுப்பகுதி மட்டும் தப்பியிருந்தது. அதைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். குர்துபாவில் எனக்கு வராத கண்ணீர் அப்போது வந்தது. அங்கே பறித்தவர்கள் இருந்தார்கள். இங்கே பறித்தவர் யார்? ஓர் அரசாணையும் இல்லை. ஒரு சிப்பாயும் எங்கள் கதவைத் திறந்துவைக்கச் சொல்லவில்லை. உயிருக்கு அஞ்சியவர்கள் சுவருக்குள் வைத்தது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. எந்த அச்சமும் இல்லாத நான் பரணில் வைத்தது பதினோரு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை.

மகள் கிதாபை மெல்லத் திருப்பினாள். சிறுவயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்ற கண்ணுக்கு எழுத்துகள் அந்நியமாயில்லை. புதிய குறிகள் சிலவற்றில் தடுக்கினாள், நின்றாள், மீண்டும் கூட்டி வாசித்தாள். திடீரென அவள் வாயிலிருந்து தமிழ் வந்தது. ஒளுவின் ஃபர்ளுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் பகுதி அது. உம்மா ஓதும்போது நிறுத்தும் இடத்திலேயே அவளும் நிறுத்தினாள். அடுக்களையிலிருந்த என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

இப்போது தப்பிய பக்கங்களையெல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் மஃக்ரிபுக்குப்பின் கைப்பேசி வழியே மகள் ஒரு பக்கம் வாசிக்கிறாள். நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறேன். 58 வயதில் நானும் அவ்வெழுத்தைக் கற்று வருகிறேன். உம்மா அழைத்தபோது சென்றிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். போன பக்கங்கள் போனவையே. எந்தக் கழிவிரக்கமும் அவற்றைத் திருப்பித் தராது.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு பரண் இருக்கும். உம்மம்மாவின் பெட்டியோ வாப்பாவின் அலமாரியோ இருக்கும். விடுமுறையில் எங்கு செல்வது என்று திட்டமிடும் முன், ஒருமுறை ஏணி வைத்து அங்கே ஏறிப் பாருங்கள். அட்டையில்லாத கிதாபு கிடைத்தால், பழையது என்று ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். ஓதத் தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் உங்கள் மஹல்லாவில் இருந்தால், அவர் அருகில் பிள்ளைகளை அமர வையுங்கள்.

மனிதன் மரணித்தபின்னும் நிற்காத நன்மைகளுள் ஒன்று அவன் விட்டுச்சென்ற பயனுள்ள கல்வி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். என் உம்மாவின் அந்த நன்மையை என் கவனக்குறைவு இடையில் மறித்துவிடாமல், வல்ல அல்லாஹ் அதை அவருக்குத் தொடரச் செய்வானாக! ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காக்கும் பொறுப்பை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.