அசையாதவருக்கும் விளக்கு

விளக்கு என்னும் சொல் தமிழில் பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. இருளை நீக்கும் பொருளும் விளக்கு. ஐயத்தை நீக்குக என்னும் ஏவலும் விளக்கு. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவர்க்கு இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. அத்தகைய ஆசிரியர் ஒருவர்க்கும் அவர்தம் வீட்டு விளக்குக்கும் நேர்ந்த வழக்கை இங்கே எழுத விழைகிறேன்.

எனக்குத் தமிழ் கற்பித்த அப்பெரியவர் எண்பது அகவையைக் கடந்தவர். தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைவீடு ஒன்றில் வாழ்கிறார். முன்புறத்து ஐந்தடி நடைபாதையில் மக்கள் நடமாட்டம் ஓயாது. ஞாயிறு மாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆதலால் இரவு உணவுக்குப் பின், வீட்டின் பின்முற்றத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து படிப்பது அவர் வழக்கம். முற்றத்திலிருந்து சமையலறைக்கு ஏற மூன்று படிகள் உண்டு. தந்தை இருளில் இடறி விழுந்துவிடக் கூடாதே என்னும் அன்பினால், ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் விளக்கொன்றைப் பிள்ளைகள் அங்கே பொருத்தினர்.

அவர் படியிறங்கினால் விளக்கு எரிந்தது. அமர்ந்து இரண்டு பக்கம் படிப்பதற்குள் அணைந்தது. கையை வீசினால் மீண்டும் எரிந்தது. படிப்பில் ஆழ்ந்தால் மீண்டும் அணைந்தது. நான் சென்றிருந்த ஓர் இரவில், "தம்பி, நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு இந்த விளக்கிடம் ஓயாமல் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது" என்றார். இருவரும் நகைத்தோம். ஆயினும் சில நாளாக அவர் படிப்பதையே விட்டு எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறார் என்று அவர் மகள் சொன்னபோது, என் நகைப்பு நின்றது.

அவ்விளக்கின் கண்ணாக அமைந்த கருவியை உணரி என்கிறோம். மனித உடல் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. உணரியின் முன்னுள்ள வில்லை தன் பார்வைப் பரப்பைப் பல கூறுகளாகப் பகுக்கிறது. ஒருவர் ஒரு கூறிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும்போது, உணரியின்மேல் விழும் கதிரின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தை மட்டுமே அது அறியும். அசையாது அமர்ந்திருப்பவர் அதற்குச் சுவருக்கு ஒப்பானவர். சூழலின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க, அதன் கூர்மை மேலும் மங்கும். உணரி என்று பெயரிட்டோம். உணர்தல் என்னும் சொல்லின் ஆழம் அதற்கு ஏது?

சிங்கப்பூர்த் தெருக்களில் 1824இல் தேங்காய் எண்ணெய் விளக்குகள் எரிந்தன. 1864இல் எரிவாயு விளக்குகளும் 1906இல் மின்விளக்குகளும் வந்தன. எண்ணெய் விளக்கையும் எரிவாயு விளக்கையும் ஏற்ற ஆள் வந்தார். இன்றோ எரிவதா, அணைவதா என்பதை விளக்கே முடிவு செய்கிறது. ஆளில்லாத இடத்துக்கு ஒளி வீண் என்பது உண்மையே. ஆனால், அசையாத இடமெல்லாம் ஆளில்லாத இடமாகிவிடுமா?

உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்தோம். முதலில் அவர் உணரியின் கால அளவைக் கூட்டினார். அணையும் நேரம் தள்ளிப் போனதேயன்றி அணைவது நிற்கவில்லை. முன்பே இருந்த சுவிட்ச், மின்சாரத்தை உணரிக்குத் தருவது. அதை அணைத்தால் உணரியும் உறங்கிவிடும், போட்டால் மறுபடி காவலுக்கு வரும். நிலையான ஒளி அதனால் கிடைக்காது. எனவே உணரிக்குள் நுழையும் மின்கம்பிக்கும், உணரியிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பிக்கும் இடையே இரண்டாவது சுவிட்சை இணைத்தார். அதைப் போட்டால் மின்சாரம் உணரியைக் கேளாமல் நேரே விளக்குக்குச் செல்லும். அணைத்தால் உணரி தன் பணியைத் தொடரும். 230 வோல்ட் மின்சாரம் விளையாட்டன்று. ஆதலால் இரண்டு சுவிட்சுகளும் ஒரே மின்சுற்றைச் சேர்ந்திருக்குமாறு அமைத்தார். ஒன்றில் மின்சாரத்தைத் துண்டித்தபின் மற்றொன்று உயிரோடிருந்தால், நாளை பழுது பார்க்க வருபவர்க்கு ஆபத்து அன்றோ?

சாதாரண விளக்கையே மாட்டிவிடலாமே என்று ஆசிரியரைக் கேட்டேன். "வேண்டாம் தம்பி. நள்ளிரவில் படியிறங்கும்போது அது எனக்குத் துணை. படிக்கும்போது மட்டும் என் பேச்சைக் கேட்டால் போதும்" என்றார். இப்போது அவர் பத்து மணிவரை படிக்கிறார்.

வகுப்பறையிலும் ஆசிரியர் கண் கையுயர்த்தும் மாணவரிடமே முதலில் செல்லும். நான் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருந்தவன். பாடம் முடிந்து மணியடித்த பின்னரும், அவர் என் மேசையருகே வந்து நின்று, "உனக்கு விளங்கிற்றா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். நான் தலையசைக்கும்வரை நகரமாட்டார்.