மழை விடுமுறை

மழைக்காலப் பள்ளி விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அதைக் குறைகூற நாம் முற்படோம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலையே காணாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அத்தகைய நாளில் பிள்ளைகள் வீட்டிலிருப்பதே நலம். வீடு திறந்திருக்க வேண்டும், அவ்வளவே.

நமது திருச்செங்கோடு விசைத்தறி ஊர். மழைக்காகத் தறி நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகைக் காலையில் விடுமுறை அறிவிப்பு தாமதமாகவே வந்தது. பள்ளித் தாளாளராகிய நாம் வாயிற்கதவைப் பூட்டச் செய்தோம். நனைந்துகொண்டு வந்த அக்காள், தம்பி இருவரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம். விதிப்படி நடந்த நிறைவு நமக்கு.

மாலையில்தான் அறிந்தோம். தந்தை ஆழ்துளைக் கிணற்று லாரியோடு வடநாட்டில், தாய் தறியில். பூட்டிய வீட்டுத் திண்ணையில் ஈர உடையோடு பிள்ளைகள் பொழுதெல்லாம் இருந்திருக்கின்றனர். பள்ளியில் கிடைக்கும் மதிய உணவும் அன்றில்லை. “பள்ளிக்கூடம் இருக்குதுன்னு தானுங்க சாமி நான் வேலைக்குப் போனேன்” என்றார் தாய். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாயிருக்கும்.

இப்போதெல்லாம் மழை விடுமுறையன்று வகுப்பு நடவாது, ஆணை ஆணைதான். ஆயினும் ஆலயத்தை அடுத்த மன்றத்தைத் திறந்து வைக்கிறோம். கோயில்பிள்ளையின் மனைவி கஞ்சி காய்ச்சுகிறார். விடுமுறைக்கு ஈடாக வைக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு யாரும் இத்தனை ஆவலாய் வருவதில்லை என்பது வேறு செய்தி. அந்த அக்காள் இன்று ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். கஞ்சிக்குத் தட்டு வைப்பவள் அவளே.