கழுத்தும் குரலும்

எனக்குச் சங்கீதம் கேட்கத் தெரியும். வாத்தியம் வாங்கத் தெரியாது. என் மகனுக்கு பேஸ் கிட்டார் வாங்கப் போன அன்றுதான் இந்த உண்மை எனக்கே தெரிந்தது.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஃபெண்டர் கம்பெனியின் புகழ்பெற்ற இரண்டு மாதிரிகளைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள். மூலங்களின் கதையைப் பையன் வழியிலேயே சொல்லியிருந்தான். 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரெசிஷன் பேஸ்' என்பதைக் கொண்டுவந்தார். ஆள் உயர டபிள் பேஸைச் சுமந்து திரிந்தவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலானார்கள். வீணையைப் போல் மெட்டுகள் உண்டு; ஸ்வரம் பிசகாது. பெயரும் அதனால் வந்ததுதான். 1960-இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. தந்தியின் நீளம் இரண்டிலும் 34 அங்குலம். கழுத்து வேறு. தலைப்பக்கத்தில் பழைய பிரெசிஷனுக்கு 1¾ அங்குல அகலம், ஜாஸுக்கு 1½. கால் அங்குலம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் முதலில் பிரெசிஷன் மாதிரியை மீட்டினான். அடேயப்பா, என்ன கனம்! நன்றாகக் காய்ந்த பலாக்கட்டையைத் தட்டினாற்போல் உருண்டு திரண்ட நாதம். மற்றதில் தெளிவு அதிகம். ஆனால் சற்று மூக்கால் பேசுவதுபோல் இருந்தது.

"முதலில் வாசித்ததுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"சரிப்பா" என்றான்.

அந்தச் 'சரிப்பா' எனக்கு உறுத்திற்று. அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தடவை மீட்டி நிறுத்தியதும் அவன் என் முகத்தையே பார்க்கிறான். அவன் அம்மாவைப் போலச் சின்னக் கை. அகலக் கழுத்தைச் சுற்றிப் போன சுண்டுவிரல் கடைசித் தந்திக்காக மணிக்கட்டோடு முறுக்கிக்கொண்டு நின்றது.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது என் தகப்பனார் கனத்த பேனா ஒன்று வாங்கித் தந்தார். ஆசையோடு அவரே பொறுக்கி எடுத்தது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் கடுத்துவிடும். அவர் இருந்தவரை அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிந்தேன். கதைகளையெல்லாம் வேறு பேனாவால் எழுதினேன். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

"நான் டீ குடித்துவிட்டு வருகிறேன். நீ வாசித்துக்கொண்டிரு" என்று வெளியே வந்தேன்.

கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பேஸின் அடிநாதத்துக்குச் சுவர் ஒரு தடையா? வாசல்படி வரை வந்து உள்ளங்காலில் அதிர்ந்தது. ஒரே சங்கதியை இரண்டு வாத்தியத்திலும் வாசிக்கிறான். நான் மெச்சிய கனமும், குறை சொன்ன மூக்கொலியும் சுவருக்கு அப்பாலேயே தங்கிவிட்டன. எது எந்தக் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு தடவை அந்தச் சங்கதி தடுக்கித் தடுக்கி வந்தது, மறு தடவை ஓடிற்று.

அமெரிக்காவின் மோடவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரெசிஷனை வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டிப் பேர் வாங்கினார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் மெட்டுகளே இல்லாத ஜாஸ் பேஸை வாசித்தார். குரலில் பாதி கையில்தான் இருக்கிறது. அந்தக் கையைக் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

உள்ளே போனபோது அவன் மடியில் ஜாஸ் மாதிரி இருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை.

"எதுடா உனக்கு?"

"இதுப்பா... ஆனா உங்களுக்கு அந்தச் சத்தம்தானே பிடிச்சுது?"

"வாசிக்கப் போவது நீதானே" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது இரவில் நான் எழுதும்போது பக்கத்து அறைச் சுவர் லேசாக அதிர்கிறது. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை.